அந்த அடுப்பில் நான் பால் காய்ச்ச மாட்டேன்

தம்பி,

நீ அனுப்பிய வீட்டுப் படங்கள் பதினொன்றையும் பார்த்துவிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருதரம் பார்த்தேன், பிறகு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி இன்னொருதரம் பார்த்தேன். வளைவு வைத்த வாசல்கள், முழ அகலத்தில் கல் சுவர், நிலத்தில் பூப்போட்ட பழைய கற்கள். "எப்பிடி அம்மா இருக்கு?" என்று நீ கேட்டு ஐந்து நாளாகிறது. நான் ஒரு கட்டைவிரல் படம்கூடத் திருப்பி அனுப்பவில்லை. அம்மாவின் ஃபோனில் ஏதோ பிழை என்று நீ உன் மனைவி லியாவிடம் சொல்லியிருப்பாய். ஃபோன் நல்லாய்த்தான் இருக்கிறது. எனக்குத்தான் எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. அதுதான் எழுதுகிறேன். நீ சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் தூங்கித் தூங்கிப் படித்த தமிழ் இதற்குப் போதும். போதாத இடத்தில் என்னைக் கேள்.

இதை ஏன் ஊர் பார்க்கப் பத்திரிகையில் போடுகிறேன் என்று கோபிக்காதே. நான் சொல்லப்போவது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. இந்த ஸ்காபரோவில் இதை வாசிக்கிற என் வயதுக்காரர் சிலர், பாதியில் பத்திரிகையை மடித்து வைத்துவிடுவார்கள். அவர்களும் என்னைப்போல முப்பத்தைந்து வருடமாக வாயே திறக்காதவர்கள்.

நீயும் லியாவும் கைப்பிள்ளை மாயாவும் அடுத்த மாதம் ரொறொன்ரோவை விட்டு இஸ்ரேலுக்குக் குடிபோகிறீர்கள். சுற்றுலா இல்லை, இனி அங்கேதான் சீவியம். யூதர்களான லியாவின் ஆட்கள் அந்தப் பயணத்தை ஏறுதல் என்றுதான் சொல்வார்களாம். மலையில் ஏறுவதுபோல. இரண்டாயிரம் வருடம் கும்பிடும்போதெல்லாம் அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்ட சனம், கடைசியில் ஒருநாள் பெட்டி கட்டுகிறது. நான் அதைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, போகாதே என்று குறுக்கே விழவும் இல்லை. பதினாறு வருடம் பாதேர்ஸ்ட் வீதிப் பக்கம் யூத வயோதிபர்களின் வீடுகளில் போய்க் குளிப்பாட்டி, சமைத்துக் கொடுத்து, மருந்து கொடுத்து வேலை செய்தவள் நான். இறைச்சிச் சட்டி வேறு, பால் சட்டி வேறு என்பதை லியா உன் கண்ணில் படுவதற்கு முன்பே நான் பழகிவிட்டேன். அவள் முதல்தரம் எங்கள் வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கி அதை விளக்கத் தொடங்க, "பிள்ளை, உன்ர அம்மாவைவிட எனக்கு நல்லாத் தெரியும்" என்று நான் சொன்னதும், நீ மொழிபெயர்க்க வெட்கப்பட்டதும் ஞாபகம் இருக்கும். அந்தப் பெண்ணை எனக்கு அன்றைக்கே பிடித்துவிட்டது. இன்றைக்கும் பிடிக்கும். இதில் அவளோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

வழக்கு அந்த வீட்டோடுதான். போன ஞாயிறு நீ வீடியோவில் வந்தாய். மாயா உன் மடியில் இருந்து உன் மூக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"விளம்பரத்திலயே அரபு வீடு எண்டு போட்டிருக்கு அம்மா. கடலுக்குக் கிட்ட அப்பிடி ஒரு வீடு கிடைக்கிறது சரியான கஷ்டம். முப்பது வருச லீஸ்."

"அரபு வீடெண்டா, அந்த அரபு ஆக்கள் எங்க?"

"இல்லை அம்மா, அது ஒரு ஸ்டைல். கல்லுக் கட்டிடம், ஆர்ச், ஹை சீலிங். இங்க விக்டோரியன் ஹவுஸ் எண்டு சொல்லுறம் எல்லோ, அதுமாதிரி."

நான் பிறகு கேட்கவில்லை. நீயும் கதையை மாற்றிப் பின்பக்க அறையின் படத்தைக் காட்டினாய். மற்ற அறைகளெல்லாம் கல், அது மட்டும் கொங்கிறீற். கனத்த இரும்புக் கதவு, இழுத்து மூடுகிற இரும்பு யன்னல். அதற்கு மஞ்சள் நிறம் அடிக்கப் போவதாகச் சொன்னாய்.

"உது பங்கர் எல்லோ" என்றேன்.

"சேஃப் ரூம் அம்மா. புது வீடு எல்லாத்திலயும் இருக்கும், பழைய வீட்டில பிறகு கட்டிச் சேர்க்கிறது. நாங்கள் இதை மாயாவின்ர ரூமாக்கப் போறம். சைரன் அடிச்சா நாங்கள் ரெண்டுபேரும் ஓடி அங்க போவம். அவளை எழுப்பவே தேவையில்லை."

நீ அதை ஒரு வசதிபோலச் சொன்னாய். எட்டு மாதப் பிள்ளை உன் மடியில் இருந்து சிரிக்கிறது. ஊரில் நாங்கள் பங்கருக்குள் இறங்கிய நாட்களில் ஒரு பிள்ளைக்கும் அதற்குள்ளே தொட்டில் கட்டியதில்லை. குண்டு போடுகிறவன் போன பிறகு மேலே ஏறி வருவோம் என்ற நம்பிக்கையாவது எங்களுக்கு இருந்தது. அந்தச் சுவருக்கு என்ன நிறம் அடித்தாலும் அது ஏன் அங்கே நிற்கிறது என்பது மாறாது. ஆனால் அதையும் நான் விழுங்கிக்கொண்டேன். பிள்ளை வளர்க்கிற இடத்தைப் பெற்றவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும். பிறகு நீ ஒன்று கேட்டாய் பார், அதைத்தான் விழுங்க முடியவில்லை.

"அம்மா, நீங்கள் எங்களோட வந்து குடிபூரலுக்குப் பால் காய்ச்சித் தரவேணும். லியாவும் ஆசைப்படுறாள். நீங்கள் காய்ச்சினாத்தான் அது எங்கட வீடு."

வருகிற வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வைக்க வேண்டும் என்றும் சொன்னாய். அதனால் இதைத் தள்ளிப்போட எனக்கு நாள் இல்லை.

உனக்கு இருபது வயதில் உன்னை எங்கள் ஊர் மாவிட்டபுரத்துக்குக் கூட்டிப்போனேன். இருபத்தைந்து வருடம் பிடித்து வைத்திருந்த காணியை ஆமி விட்டு ஒரு வருடம் ஆகியிருக்கும். கிணற்றுக் கட்டைத் தவிர எங்கள் வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. நீ அந்தப் பற்றைக் காட்டுக்குள் நின்று முகமெல்லாம் சிவந்து கத்தினாய். "மற்ற ஆக்களின்ர வீடு எண்டு தெரிஞ்சும் எப்பிடி அம்மா அதுக்குள்ள இருந்து சாப்பிட்டவங்கள்? எப்பிடி நித்திரை வந்தது?" உன் அப்பா உன் தோளைப் பிடித்து அமத்தினார். நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் அழுகிறேன் என்று நீங்கள் இருவரும் நினைத்தீர்கள். உன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும், தம்பி. நல்லாய் நித்திரை வரும். முதல் இரண்டு நாள்தான் வராது.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் ஆமிக்காரர் ஷெல் அடித்து எங்களைக் கலைத்தார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. உடுத்த உடுப்போடு ஓடி, ஒரு பள்ளிக்கூடத்தில் நான்கு மாதம் கிடந்தோம். ஒரு வகுப்பறையில் ஏழு குடும்பம். மேசைகளைத் தள்ளி எல்லை போட்டிருந்தோம். குளிக்க வரிசை, கக்கூசுக்கு வரிசை, அடுப்புக்கு வரிசை. ஐப்பசியில் ஒருநாள் யாழ்ப்பாணம் ரவுணில் எங்கள் போராளி இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தது. முஸ்லிம் சனம் முழுக்க வெளியேற வேண்டும், இரண்டு மணித்தியாலம்தான். சோனக தெருப் பக்கம் ஒரே நாளில் வெறுமையானது. காதில் கிடந்த தோட்டைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். அந்த நேரம் எங்கள் வகுப்பறையில் ஒருவரும் அதைப் பற்றிப் பெரிதாகக் கதைக்கவில்லை. கதைக்கப் பயம் என்று இப்போது சொல்லலாம். பயமும் இருந்தது. ஆனால் "அங்க வீடுகள் சும்மா கிடக்காம்" என்று இரகசியமாகக் கதைத்தது எனக்கு நல்ல ஞாபகம்.

மூன்று கிழமைக்குள் எங்களுக்கும் ஒரு வீடு கிடைத்தது. யார் தந்தது, யாரைப் பிடித்து எடுத்தது என்பதெல்லாம் என் அப்பாவோடு போய்விட்டது. வாசல் நிலைக்கு மேலே அரபில் ஏதோ எழுதிய தகடு. உள்ளே கொடியில் உடுப்புகள். குசினியில் ஒரு சட்டியில் ஊறப்போட்ட அரிசி புளித்து, நுரைத்து, காய்ந்து போயிருந்தது. அடுத்த நாள் காலைச் சாப்பாட்டுக்கு அந்த வீட்டுப் பெண் போட்ட அரிசி. என் அம்மா அந்தச் சட்டியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனா. அரிசியைக் கொட்டிவிட்டுக் கழுவினா.

இனித்தான் நான் உன் அப்பாவுக்கும் சொல்லாதது வருகிறது. முதல் கிழமை நாங்கள் அங்கே அகதியாகத்தான் இருந்தோம். பின்விறாந்தையில் படுத்து, மூன்று கல் வைத்து முற்றத்தில் சமைத்தோம். "பாவம், அதுகள் திரும்பி வருங்கள்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தா. எனக்குத்தான் பொறுக்கவில்லை. நான்கு மாதம் மற்றவர்களின் காலுக்குள் படுத்தவளுக்கு ஒரு கதவு வேண்டும், ஒரு அறை வேண்டும், இது என் வீடு என்று சொல்ல வேண்டும். நான்தான் அம்மாவை அரித்தேன். "எங்கட வீட்டையும் பறிச்சாச்சுத்தானே அம்மா. எங்களுக்கு ஆர் தந்தவை? ஒரு நல்ல நாள் பாத்துப் பால் காய்ச்சுவம். பிறகு மனம் ஆறும்." அம்மா மாட்டேன் என்றா. நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். மூன்றாம் நாள் அம்மா குனிந்த தலை நிமிராமல் அந்தக் குசினிக்குள் போய், அந்த அடுப்பை மெழுகி, அந்தச் சட்டியில் பாலை வைத்தா. பால் பொங்கவில்லை. திரைந்து போனது. சட்டியில் புளிப்பு இருந்திருக்கும் என்று நான் சொன்னேன். அதை வெளியே ஊற்றிவிட்டு, பக்கத்து வீட்டில் பால் கடன் வாங்கி, திரும்பவும் காய்ச்ச வைத்தேன். இரண்டாம் தரம் பொங்கியது. அப்பா தகட்டைக் கழற்றிவிட்டு அந்த ஆணியிலேயே பிள்ளையார் படத்தை மாட்டினார். அன்றைக்கு இரவு நான் கட்டிலில் படுத்து நன்றாகத் தூங்கினேன்.

ஒதுங்குவதும் குடிபுகுவதும் ஒன்றில்லை. மழைக்கு ஆருடைய தாழ்வாரத்திலும் நிற்கலாம், அதில் பிழை இல்லை. பால் காய்ச்சிய பிறகுதான் நாங்கள் கள்ளராகினோம். ஐந்து வருடம் அங்கே இருந்தோம். தொண்ணூற்றைந்தில் ஊரோடு சேர்ந்து ஓடும்போது, "ஐயோ என்ர வீடு" என்று அம்மா நெஞ்சில் அடித்து அழுதா. மாவிட்டபுரத்து வீட்டுக்கு அழுகிறா என்று முதலில் நினைத்தேன். இல்லை, இந்த வீட்டுக்குத்தான் அழுதா. எனக்கு அன்றைக்குத்தான் முதல்முதல் பயம் பிடித்தது.

உங்கள் கலியாணத்தில் என்னை லியாவின் தாத்தாவுக்குப் பக்கத்தில் இருத்தினீர்கள். தொண்ணூறை நெருங்கின மனிசன், போலந்தில் பிறந்தவர். சண்டை முடிந்ததும் பத்து வயதில் தன் மாமனோடு நடந்து ஊருக்குத் திரும்பிப் போனாராம். வீட்டுக் கதவைத் தட்ட, அயலட்டைப் பெண் ஒருத்தி திறந்தாளாம். இரண்டு விரலை எனக்குக் காட்டினார். கதவு அவ்வளவுதான் திறந்ததாம். அந்த இடைவெளிக்குள்ளால் தன் தாயின் திரைச்சீலை தெரிந்ததாம். அந்தப் பெண் ஒன்றும் கெட்டவள் இல்லை, முன்பு தனக்கு அப்பிள் தந்தவள் என்றும் சொன்னார். அதனால்தான் தங்கள் சனத்துக்கு, கதவைத் தட்டத் தேவையில்லாத ஒரு நாடு வேண்டியிருந்தது என்றார். நான் தலையை ஆட்டினேன். என் கையைப் பிடித்து, "உனக்கு இது விளங்கும், நீயும் வீட்டைப் பறிகொடுத்தவள்" என்றார். எனக்கு விளங்கியது. ஆனால் அந்தக் கதவுக்கு எந்தப் பக்கம் நின்று எனக்கு விளங்கியது என்று அவருக்குத் தெரியாது. நான் சாப்பிடாமல் எழும்பிப் போனதை, பெண்வீட்டுச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று உன் சித்தி ஊர் முழுக்கக் கதை பரப்பினா.

இன்னும் ஒரு ஆள் இருக்கிறாள், ஃபரீதா. வெக்ஸ்போர்டில் நான் சனிக்கிழமைகளில் இறைச்சி வாங்குகிற கடை அவளுடைய மனிசனுடையது. ஆறு வருடத்துக்கு முன் ஒருநாள், நான் ஃபோனில் கதைத்ததைக் கேட்டுவிட்டு, தராசுக்குப் பின்னால் இருந்து முகம் மலர்ந்து கேட்டாள். "அக்கா யாழ்ப்பாணமோ? எவடம்?"

"மாவிட்டபுரம்."

"அப்ப தொண்ணூறில இடம்பெயர்ந்திருப்பியள். எங்க இருந்தனீங்கள்?"

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, தம்பி. "கொக்குவில்ல, சொந்தக்காரர் வீட்டில" என்றேன்.

தான் சோனக தெருவில் பிறந்தவள் என்றாள். கலைத்தபோது ஒன்பது வயது. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தவள். வாப்பா அங்கேயே ஊர் ஊர் என்று சொல்லிச் செத்துப்போனாராம். "எங்கட வீட்டுக் குசினி வாசல்ல மட்டும் ஒரு நீலக் கல்லு அக்கா, மற்றதெல்லாம் சிவப்பு. உம்மா உரலைப் போட்டு உடைச்சிட்டா, வாப்பா கையில கிடைச்ச கல்லை வைச்சுப் பூசிவிட்டவர். பிறகு ஆரோ அங்க இருந்தவையாம். நல்ல சனமோ தெரியேல்லை." அந்த நீலக் கல்லை நான் ஐந்து வருடம் கூட்டிப் பெருக்கியிருக்கிறேன். மாட்டெலும்பு இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அடுத்த சனியும் போனேன். போகாமல் விடுவதற்கும் பயமாக இருந்தது. ஆறு வருடமாக அவள் எனக்கு நல்ல துண்டாகப் பார்த்து வெட்டுவாள். மாயா பிறந்தபோது சூப்புக்கு என்று தனியாக எலும்பு கட்டித் தந்தவள் அவள்தான்.

நீ பால் காய்ச்சக் கூப்பிட்ட அடுத்த நாளே நான் வெக்ஸ்போர்டுக்குப் போனேன். திங்கட்கிழமை, கடையில் ஆள் இல்லை. ஃபரீதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொக்குவில் பொய், வீடு, தகடு, ஆணி, எல்லாம். அவள் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. பால் காய்ச்சியதைச் சொன்னபோதுதான் துடைக்கிறதை நிறுத்தினாள்.

"எங்கட அடுப்பிலயோ அக்கா?"

"ஓம்" என்றேன். "உங்கட உம்மாவின்ர சட்டியில."

அவள் உள்ளே போய்விட்டாள். திரும்ப வரவில்லை. அவளுடைய மனிசன் வந்து கடையைத் துடைக்கத் தொடங்கினார். நேற்றுச் சனிக்கிழமை திரும்பவும் போனேன். மன்னிப்புக் கேட்டு வாங்கப் போகவில்லை, என் முகத்தைக் காட்டாமல் ஒளியக் கூடாது என்று போனேன். ஃபரீதாதான் நின்றாள். என்னைப் பார்த்தாள், முகத்தில் கோபம்கூட இல்லை. "வட் வுட் யூ லைக்?" என்று கேட்டாள். ஆறு வருடம் என்னோடு எங்கள் தமிழில் கதைத்த பிள்ளை, இனி என்னோடு ஆங்கிலம்தான். நான் எனக்கு வேண்டியதைச் சொன்னேன். அவள் நிறுத்துத் தந்தாள். வீட்டுக்கு வந்து அதைச் சமைக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே குளிர்ப்பெட்டிக்குள் கிடக்கிறது.

அந்த நாடு ஆருக்குச் சொந்தம் என்று நான் உனக்குப் பாடம் எடுக்கவில்லை. எனக்கு அவ்வளவு படிப்பு இல்லை. லியாவின் ஆட்களுக்கு அங்கே வேர் இருக்கிறது. ஓட இடமில்லாமல் போன சனம் அது. எனக்கு அது விளங்காவிட்டால் வேறு ஆருக்கு விளங்கும்? எனக்குத் தெரிந்தது குசினி மட்டும்தான். அந்தப் படங்களில் ஆறாவதைத் திரும்பப் பார். அடுப்படிக்கு மேலே சுவரில் ஒரு மாடம், அதன் ஒரு பக்கக் கல் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. ஒருத்தி நாளுக்கு நாலுதரம் கை ஊன்றி எதையோ எடுத்து வைத்திருந்தால்தான் கல் அப்படித் தேயும். அவள் எங்கேயோ இருக்கிறாள், தம்பி. அவள் இல்லாவிட்டாலும் அவளுடைய பிள்ளை எங்கேயோ ஒரு கொட்டிலில் இருந்து, தன் வீட்டுக் குசினியைப் பற்றி ஆருக்கோ சொல்லிக்கொண்டிருக்கிறது. விளம்பரம் போட்டவனுக்கு அவள் ஒரு ஸ்டைல். உனக்கு அவள் ஒரு ஸ்டைலாக இருக்கக் கூடாது. கிணற்றடியில் நின்று கத்தின பிள்ளை நீ.

சித்திரையில் நீங்கள் போய்ப் பார்த்த மற்ற வீடு இருக்கிறதே, ஊருக்கு வெளியே புதுக் கட்டிடத்தில் நாலாம் மாடி. சின்னது, கடல் தெரியாது, லியாவுக்குப் பிடிக்கவில்லை. அதை எடு. அந்த நிலத்துக்குக் கீழே என்ன இருந்தது என்றும் கேள், கேட்காமல் விடாதே. ஆனால் ஒருத்தி விட்டுப்போன அடுப்படிக்குள் போய் நிற்காதே. இதை லியாவுக்கு ஒரு சொல் விடாமல் வாசித்துக் காட்டு. அவளுடைய தாத்தாவுக்கும் என்னைப் பற்றிச் சொல்லட்டும். அவர் என் கையை இனிப் பிடிக்காமல் விட்டால் அது நியாயம்தான்.

நாலாம் மாடிக்கு நான் வருவேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, முட்டு வலியோடு, அங்கேயும் இருக்கிற இரும்புக் கதவு அறைக்குள் மாயாவுக்குப் பக்கத்தில் படுக்கவும் வருவேன். கல் வீட்டுக்குக் கையெழுத்து வைத்தால் வாசலோடு நின்று பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். பகை இல்லை. அந்த அடுப்புக்கு முன்னால் இன்னொருதரம் நிற்க என்னால் முடியாது.

மாயா வளர்ந்து ஒருநாள் உலகத்தில் எங்கேயோ ஒரு கடையில் நிற்பாள். அவள் கதைக்கிறதைக் கேட்டுவிட்டு, தராசுக்குப் பின்னால் இருந்து ஒருத்தி முகம் மலர்ந்து எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வீடு என்று கேட்பாள். என் பேத்தி யோசிக்காமல் உண்மை சொல்லக்கூடிய ஒரு வீட்டில் அவளை வளர்த்துவிடு.

வெள்ளிக்கிழமை வரைக்கும் ஃபோனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

அம்மா